அரை மாத்திரைக்காரர்

குற்றியலுகரம். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை என்று கூட்டினால் பெயர் மட்டும் ஏழு மாத்திரை. பெயருக்குரிய ஒலியின் ஆயுளோ அரை மாத்திரை. ஆளைவிடப் பதினான்கு மடங்கு நீளம்!

பெயரைப் பிரித்தால் குறுமை, இயல், உகரம். குறுகிய இயல்புடைய உகரம் என்பது பொருள். குற்-றி-ய-லு-க-ரம் என்று ஆறு துண்டாகச் சொல்லலாம். 'ற்றி' யாழ்ப்பாணத்தார் நாவில் இறுகி இரட்டிக்கும். தமிழ்நாட்டில் ஒரு ரகர அதிர்வும் சேர்ந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயருக்குள் இருக்கும் 'லு' முழு உகரம். 'பசு' என்னும்போது குவியும் உதடு, 'காசு' என்னும்போது குவிவதில்லை. அந்தக் குவியாத உகரம்தான் நம் ஆள்.

தொல்காப்பியத்தில் இவருக்கு நல்ல மரியாதை. மூன்றே மூன்று சார்பெழுத்துகளில் ஒருவர்; எழுத்ததிகாரத்தின் கடைசி இயலே இவர் பெயரில் இருக்கிறது. 'நுந்தை' என்ற ஒரு முறைப்பெயரில் மட்டும் சொல்லின் முதலிலும் வருவாராம். மெய்யெழுத்தைப் போல இவருக்கும் புள்ளி உண்டு என்கிறது அந்நூல். அந்தப் புள்ளி நிலைக்கவில்லை. காசின் 'சு'வும் பசுவின் 'சு'வும் கண்ணுக்கு ஒன்றாகிவிட்டன. பவணந்தியின் நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக்கியபோது, பதின்மரில் ஒருவரானார்.

புள்ளி போனாலும் பிழைப்பு போகவில்லை. வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் முடியும். பின்னிரண்டும் இவர் கொடை. மலையாளத்தில் 'காடு' போன்ற சொற்களின் கடைசியில் சம்விருதோகாரம் என்ற பெயரில் வாழ்கிறார். அங்கே தலைக்கு மேல் பிறைபோன்ற சந்திரக்கலையும் உண்டு. இங்கே தொலைத்த புள்ளிக்கு ஈடு.

இவர் குணம் விட்டுக்கொடுப்பது. பசுவோடு 'இல்லை' சேர்ந்தால் இடையில் வகரம் நுழைந்து 'பசுவில்லை' ஆகும், உகரம் அசையாது. காசோடு சேர்ந்தால் 'காசில்லை'. உயிர் வந்ததும் எழுந்து இடம் தந்துவிடுகிறார். யகரம் வந்தாலோ இகரமாக உருமாறுகிறார்: நாடு, யாது சேர்ந்து 'நாடியாது'. அப்போது பெயரும் குற்றியலிகரம்.

ஆங்கிலச் சொற்கள் வல்லின மெய்யில் முடிந்து வந்தபோது, அவற்றைத் தமிழ் வாய்க்குப் பழக்கியவரும் இவரே: புக்கு, பேங்கு, லைட்டு. இலக்கண நூலைத் தொட்டே பார்க்காத பேருந்து நடத்துநரும் "டிக்கெட்டு, டிக்கெட்டு" என்னும்போது வன்தொடர்க் குற்றியலுகரம் பிழையில்லாமல் ஒலிக்கிறது. "டிக்கெட்டெடுங்க" என்று அவர் அதட்டும்போது, எகரத்துக்கு இடம் விட்டு உகரம் சத்தமில்லாமல் இறங்கிப் போயிருக்கும்.