கதவைத் தட்டுகிறவருக்கு எந்தக் கணக்கில் சம்பளம்?

தாராவி என்றால் நம்மவர்கள் எழுதுவது தோல், பானை, வரதாபாய், மணிரத்னம் படம். இந்தப் பதிவில் அவை எதுவும் வராது, மன்னிக்கவும் :-)

1975 அக்டோபர் 2-ம் தேதி மத்திய அரசு 'ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம்' என்ற நீளமான பெயரில் ஒன்றைத் தொடங்கியது. நாம் அங்கன்வாடி, பால்வாடி என்று சொல்வது அதன் மையங்களைத்தான். முதல் சுற்றில் நாடு முழுக்க 33 இடங்கள். அதில் நகரப் பகுதிகள் நாலே நாலு, அந்த நாலில் ஒன்று தாராவி. மகாராஷ்டிரத்துக்குக் கிடைத்த இன்னொரு இடம் அமராவதி மாவட்டத்து மலைக்காட்டில் இருக்கும் தார்ணி. ஒரு பக்கம் கொர்க்கு பழங்குடிகள், இன்னொரு பக்கம் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்த நம் ஜனம்.

திட்டத்தில் ஆறு சேவைகள். சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, மூணு வயசுக்கு மேல் பாலர் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக்கொடுப்பது. அந்தக் கடைசி வேலைக்காகத்தான் ஊழியர் வீடு வீடாகப் போக வேண்டும் என்று வைத்தார்கள். கைக்குழந்தை மையத்துக்கு நடந்து வராது, நாம்தான் போக வேண்டும். ஊழியர் அதே பகுதியில் வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

இந்த விதியின் அருமை ஊரிலேயே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஊரில் பிள்ளை பெற்றவளைச் சுற்றி அம்மா, மாமியார், பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆச்சி என்று ஒரு கூட்டமே இருக்கும். பாதி யோசனை தப்பாக இருந்தாலும் ஆள் இருந்தது. தாராவியில் பத்துக்குப் பத்து அறை, விடியுமுன் குழாயடி வரிசை, புருஷன் வேலைக்குப் போய்விட்டால் கதவுக்கு வெளியே யாருக்கும் தமிழ் தெரியுமா என்பதே சந்தேகம். அங்கே ஒருத்தி கதவைத் தட்டி, "பிள்ளை பால் குடிக்கா? வயித்தால போகா?" என்று கேட்டால் அது அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்பிய பெரியம்மா.

சம்பளம் என்று எழுதிவிட்டேன். அரசாங்கம் அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டதே இல்லை. அது 'மதிப்பூதியம்', மராத்தியில் மான்தன். ஊழியருக்கு சேவிகா என்று பெயர், உதவியாளர் மதத்னீஸ். 1975-ல் மெட்ரிக் தேறிய ஊழியருக்கு மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100. 2018 அக்டோபரில் மத்திய அரசின் கணக்கில் ஊழியரின் தொகை 3,000-லிருந்து 4,500 ஆனது. மாநிலங்கள் தங்கள் பங்கை மேலே போடும். இவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில், அதாவது திட்டம் தொடங்கி 46 வருஷம் கழித்து. மகாராஷ்டிர சேவிகாக்கள் 2023 டிசம்பர் 4 முதல் வேலைநிறுத்தம் செய்ததும் இந்த மான்தன் விவகாரத்துக்காகத்தான்.

நான் பி.காம். படித்த ஆள், பிழைப்பு வங்கியில். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் பணம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்றுதான் முதலில் கண் போகும். அங்கன்வாடியில் உணவுக்குத் தலைப்பு உண்டு, குழந்தைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று (2017-ல் அது 8 ரூபாய் ஆனது). ஊழியருக்கும் கட்டடத்துக்கும் உண்டு. வீடு தேடிப் போன நடைக்கு இல்லை. அது மான்தனுக்குள் அடக்கம். தலைப்பு இல்லாத வேலைக்குக் கணக்கும் இருக்காது, கணக்கு இல்லாத வேலையை மேலதிகாரி கேட்கவும் மாட்டார். அதனால் மையம் மூணு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிச்சடி போடும் இடமாக மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆனால் பிள்ளை தேறுவதும் தேய்வதும் முதல் இரண்டு வயசுக்குள் நடந்துவிடுகிறது.

இதை முதலில் சரியாகப் பிடித்தது நம்மூர். 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது, உலக வங்கிக் கடனில். பிறகு ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது. ஆறு மாதம் முதல் மூணு வயசு வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, கூடவே அம்மாவுக்கு வீட்டில் போய் யோசனை. எல்லோருக்கும் சாப்பாடு கிடையாது. கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்காவது குறைந்ததாகப் பின்னால் வந்த மதிப்பீடுகள் சொன்னன. ஆனால் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபின் ஜனங்கள் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். சோறு கண்ணுக்குத் தெரியும், எடைத் தராசைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவர் தெரியமாட்டார். சத்துணவைக் குறை சொல்லவில்லை (சொன்னால் வீட்டிலேயே அடி விழும், என் மனைவி அதைச் சாப்பிட்டுப் படித்தவர்).

பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் சேர்த்து 1988-ல் இன்னொரு உலக வங்கிக் கடன் வந்தது, ஐந்தாவது மக்கள்தொகைத் திட்டம் என்று. இங்கே குடிசைப் பகுதிப் பெண்களையே வீடு வீடாக அனுப்பினார்கள். மாநகராட்சி அவர்களுக்கு வைத்த பெயர் கம்யூனிட்டி ஹெல்த் வாலண்டியர். பெயரிலேயே தன்னார்வலர் என்று எழுதிவிட்டால் பிற்பாடு சம்பளம் கேட்கிறவர் வாய் பாதி அடைபட்டுவிடும்.

சயான் மருத்துவமனையில் 1989-ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கிய டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், 1999-ல் 'ஸ்நேஹா' அமைப்பை நிறுவினார். வார்டில் காப்பாற்றி அனுப்பிய குழந்தை வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறது என்பதுதான் அதன் கவலை. தாராவி அங்கன்வாடிகளோடு சேர்ந்து மூணு வயசுக்குக் குறைந்த பிள்ளைகளை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் வேலையை அது 2011 வாக்கில் எடுத்துக்கொண்டது. அரசு 1975-லேயே எழுதி வைத்த அதே வேலை.

நடைக்கு விலை வைத்தது கட்சிரோலி. அபய் பங், ராணி பங் தம்பதி 1990-களில் 39 கிராமங்களில் படிப்பு குறைந்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பச்சைக் குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார்கள். பிறந்து 28 நாளுக்குள் நேரும் சாவு 62 சதவீதம் குறைந்ததாக 1999-ல் லான்செட்டில் வந்தது. 2011-ல் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக்கியது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா ஊழியர் வந்து பார்க்க வேண்டும். ஆறு வருகைக்கும் சேர்த்து 250 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு வருகைக்கு 41 ரூபாய் 67 காசு. 2018-ல் 3, 6, 9, 12, 15-ம் மாதங்களுக்கு இன்னும் ஐந்து வருகை, தலா 50 ரூபாய்.

தொகை சின்னதுதான். ஆனாலும் 'வீட்டுக்குப் போனது' என்பதற்குத் தனித் தலைப்பு விழுந்தது, எனக்கு அது பெரிய விஷயம். ஜமைக்காவில் 1980-களில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய், தாய் பிள்ளையோடு விளையாடச் சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தம் 129 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு. இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் போய்ப் பார்த்த பிள்ளைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம். எங்கள் வங்கியில் எந்த டெபாசிட் திட்டத்திலும் இப்படி ஒரு பலனை நான் விற்றதில்லை. அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு: உங்கள் மத்திய அரசு இதற்கென்று தனி நிதி வைத்தது 2010-ல்தான், முதல் ஐந்து வருஷத்துக்கு 150 கோடி டாலர்.

இனி நம் குடும்பங்களின் சிக்கல். நான் இருப்பது உல்லாஸ்நகர், சிந்தி அகதிகளுக்காக 1949-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஊர். தாராவியில் அறை வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் சென்ட்ரல் லைனில் கல்யாண், உல்லாஸ்நகர், பத்லாப்பூர் என்று தள்ளித்தள்ளி வந்துகொண்டே இருக்கிறார்கள். 2017-ல் தலைப்பிரசவத்துக்கு மத்திய அரசு 5,000 ரூபாயை மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்ததிலிருந்து, கர்ப்பிணிகள் கணக்குத் தொடங்க வருவது கூடியது. தமிழ்ப் பெண் என்று தெரிந்தால் நான் ஒன்று கேட்பேன். "பிரசவம் எங்கம்மா?" பத்தில் எட்டுப் பேர் சொல்வது, "ஊர்ல சார், அம்மா வீட்டுல."

ஏழாம் மாதம் சீமந்தம், வளைகாப்பு முடிந்து ரயிலைப் பிடித்துப் போய்விடுவாள். பதிவு இங்கே, பிரசவம் அங்கே, பிள்ளைக்கு மூணு மாசமோ அஞ்சு மாசமோ ஆனபின் திரும்பி வருவாள். 2011 விதிப்படி அந்த 250 ரூபாய், ஆறு வருகையும் முடிந்து, 45-ம் நாளில், தாயும் சேயும் நலமாக இருந்தால் மொத்தமாகக் கிடைப்பது. பாதியில் வந்து பாதியில் போகிற பிள்ளையால் எந்த ஊர் ஊழியருக்கும் காசு இல்லை. ஊரில் அம்மா இருக்கிறாள், சரி. திரும்பி வந்தபின் இங்கே யார்? கதவைத் தட்டுகிற ஆஷாவுக்கு மராத்தி தெரியும், ஹிந்தி தெரியும். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பெண் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாள். நாற்பது ஐம்பது வருஷம் முன்னால் தாராவியில் அதே சந்தில் வசித்த பெண்ணை வேலைக்கு எடுத்ததன் காரணம் இங்கே வந்தால் தெரியும்.

2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில், ஒரு அங்கன்வாடியில் பதிந்த தாயையும் பிள்ளையையும் இன்னொரு ஊர் அங்கன்வாடிக்கு மாற்றும் வசதி இருக்கிறது. கேட்டால்தான் மாற்றுவார்கள். எனவே ஊருக்குப் போகுமுன் இங்கத்திய சேவிகாவிடம் சொல்லுங்கள், தாய்-சேய் அட்டையைத் தகரப்பெட்டியில் பூட்டாமல் கையோடு கொண்டுபோங்கள், திரும்பி வந்த வாரமே இரண்டையும் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1975-க்குப் பின் முதல் பத்து வருஷத்தில் தாராவியில் பால்வாடி டீச்சராக இருந்த தமிழ்ப் பெண்கள் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால், எந்தச் சந்தில் எத்தனை வீடு பார்த்தார்கள், முதல் மாதம் கையில் வாங்கியது எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். இப்போது அவர்களுக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும்.