வெள்ளாவி வைத்த ஊர்

தீபாவளித் துணிக்குத் தி. நகர் என்பது தென்சென்னைக்காரர்களின் எழுதாத சட்டம். வடசென்னையில் அந்தச் சட்டம் செல்லாது. அங்கே எம்.சி. ரோடு என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்கமாட்டார். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள இந்தத் துணிக்கடைத் தெருவில் பட்டுப்புடவை, நைட்டி, லுங்கி, பாவாடைத் துணி, ஜாக்கெட் பிட், லைனிங், ஃபால்ஸ் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இதைவிடத் தோதான தெரு நகரில் குறைவு.

இந்த வட்டாரத்துக்கும் துணிக்கும் உள்ள உறவு கடைகளோடு தொடங்கவில்லை. 1640இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் கோட்டை கட்ட வந்ததற்கே முக்கியக் காரணம், பருத்தித் துணி இங்கே மலிவு என்பதுதான். கப்பலை ஒதுக்க ஒரு துறைமுகம்கூட இல்லாத கரை அது!

தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பேறிய கோராவாக இருக்கும். மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து, வெளுத்த பிறகே கப்பலுக்குப் போகும். வெளுக்க நல்ல தண்ணீரும் பரந்த வெளியும் தேவை. நகர மதிலுக்கு வடக்கே இருந்த பேட்டையில் சலவைக்காரர்கள் திரளாகக் குடியிருந்தார்கள். உவர்மண் கரைசலில் துணியை நனைத்து, வெள்ளாவியில் அவித்து, கல்லில் அடித்து அலசவேண்டும். பிறகு தரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து வெயிலில் போடவேண்டும். ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. கடைசியில் கஞ்சி போட்டு, கட்டையால் தட்டி மினுக்கேற்றி மடிப்பார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெள்ளாவி இறக்கியும் பயனில்லை. காயவைக்க வெயில் வேண்டுமே. லண்டன் கடைகளில் மதராஸ் துணி பெற்ற மதிப்பில் பாதி இந்தக் கைகளுக்குச் சேரவேண்டியது. கம்பெனிக் கணக்குகளில் கவர்னர்களின் பெயர்கள் இருக்கின்றன, சலவைக்காரர்களுடையவை பெரும்பாலும் இல்லை.

இங்கிலாந்து ஆலைத் துணி வந்து சேர்ந்ததும் ஏற்றுமதி சரிந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனியின் வணிகத்தையே முடித்துவைத்தது. வெளுப்புத் தொழில் ஊர்த் துணியோடு சுருங்கியது.

ஆனாலும் துணி இந்தப் பக்கத்தை விட்டுப் போய்விடவில்லை. நெசவுக் குடும்பத்தில் பிறந்த பிட்டி தியாகராயர் (1852–1925) இந்தப் பகுதிக்காரர். விசைநாடாத் தறிகளோடு நெசவுக்கூடம் நடத்தியவர். 1916இல் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1920இல் அக்கட்சி தேர்தலில் வென்றபோது முதலமைச்சர் பதவி தேடிவந்தும் ஏற்கவில்லை. எப்போதும் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்ததால் ‘வெள்ளுடை வேந்தர்’ என்று பட்டம் பெற்றார். வண்ணாரப்பேட்டைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைத்திருக்காது. 1920களில் மாம்பலம் பக்கம் பெரிய ஏரியைத் தூர்த்துப் புதிய நகரை எழுப்பியபோது அவர் பெயரை வைத்தார்கள். இன்று தி. நகர் பெரும் துணிச் சந்தை. வடசென்னைத் துணிக்காரர் பெயரில் தெற்கே வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. அவருடைய பேட்டைக்கு வழி கேட்கிறவர்கள் தென்சென்னையில் இன்னும் இருக்கிறார்கள்.

வழி இப்போது எளிது. முன்பு மின்ட் பஸ் ஸ்டாண்டில் இறங்கவேண்டும், அல்லது கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வரவேண்டும். 2019 பிப்ரவரி 10 அன்று மெட்ரோ வண்ணாரப்பேட்டையை எட்டியது. பிரதமர் அதைத் திருப்பூரிலிருந்தபடி தொடங்கிவைத்தார். பனியன் நகரத்திலிருந்து வெள்ளாவி ஊருக்கு ரயில் விட்டது தற்செயல்தான். நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். பண்டிகை வாரத்தில் ஆட்டோ பிடிப்பதைவிட நடையே வேகம்.

2021 பிப்ரவரியில் தடம் விம்கோ நகர் வரை நீண்டது. வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த நிலையம் சர் தியாகராயா கல்லூரி. இன்னும் வடக்கே போனால் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. வண்ணாரப்பேட்டைக்கு வெளுக்க வந்த கோராவில் கொஞ்சம் அந்தத் தறிகளிலிருந்தும் வந்திருக்கும்.