படம் பிழைத்தது, ஜனம் போனது

இஸ்தான்புல்லின் பழைய கோட்டை மதிலுக்குப் பக்கத்தில், எதிர்னேகாப்பி பகுதியில் இருக்கிறது கோரா தேவாலயம். துருக்கியர் அதைக் காரியே என்கிறார்கள். அதைப் பற்றி இரண்டு கதையாடல்கள் புழங்குகின்றன. கிறிஸ்தவர்கள் படைத்ததை இஸ்லாம் மூடியது, நவீனக் குடியரசு மியூசியமாக்கித் திறந்தது, எர்டோகன் மறுபடி மூடிவிட்டார் என்பது ஒன்று. வாளால் வென்றது எங்கள் சொத்து, மியூசியம் என்பது மேற்கத்தியர்களுக்குக் காட்டிய சலுகை, இப்போது மீட்டுவிட்டோம் என்பது மற்றது. ஒன்றையொன்று கடித்துக் குதறினாலும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. இரண்டிலும் கட்டடம் இருக்கிறது, ஜனங்கள் இல்லை.

மொசைக் என்றதும் நமக்குத் தரைதான் ஞாபகத்துக்கு வரும். இவை சுவரிலும் கூரை வளைவுகளிலும் கண்ணாடிச் சில்லும் கல்லும் பதித்த ஓவியங்கள். சுமார் 1315க்கும் 1321க்கும் இடையில் செய்தவை. பணம் போட்டவர் தியோடர் மெட்டோகிடெஸ்: பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிகோஸின் முதன்மை அமைச்சர், பெரிய படிப்பாளி, கவிஞரும்கூட. உள்வாசலுக்கு மேலே, பானை மாதிரி ஒரு தொப்பியோடு மண்டியிட்டு, தேவாலயத்தின் சிறுவடிவத்தை ஏசுவிடம் நீட்டிக்கொண்டிருக்கிறார். சில்லு பதித்த கைகளின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை.

வெளிமண்டபத்தில் இன்னொரு படம். கர்ப்பிணி மரியாள் வரிக்கணக்கில் பெயர் பதிய ரோமானிய ஆளுநர் முன்னால் நிற்கிறாள். அவன் உட்கார்ந்திருக்கிறான். அதிகாரத்தில் இருந்து சொத்துச் சேர்த்த ஒரு அமைச்சரின் காசில் உருவான படம் இது! 1328இல் ஆட்சி மாறியபோது அவருடைய மாளிகை சூறையாடப்பட்டது. நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர், இதே மடத்தில் துறவியாக ஒதுங்கி 1332இல் செத்துப்போனார். ஆகவே இதை ஏதோ புனிதமான தொடக்கம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1453இல் நகரம் ஆட்டோமான்கள் கைக்குப் போனது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிக் அலி பாஷா இதை மசூதியாக மாற்றினார். படங்களைச் சுண்ணாம்பும் மரப்பலகையும் மறைத்தன; சில திறந்தேயும் இருந்தன. பூகம்பத்தில் உதிர்ந்தவையும் உண்டு. ஆனால் கட்டடம் நின்றதற்கு உள்ளே தொழுகை நடந்ததும் ஒரு காரணம். ஆளில்லாமல் போன பல தேவாலயங்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. அழிவு என்றால் இஸ்லாம் என்று சொல்கிறவர்கள், 1204இல் இதே நகரத்தைக் கொள்ளையடித்த சிலுவைப் போர்வீரர்கள் யாரு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, மியூசியம்? 1945இல் அமைச்சரவை முடிவெடுத்தது. 1948 முதல் அமெரிக்க பைசாந்திய நிறுவனத்தார் படங்களைச் சுத்தம் செய்தார்கள். 1958இல் மியூசியம் திறந்தது. இந்தப் பத்து வருஷத்தை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் இதே நகரத்தில் கிரேக்கர்களின் கடைகள், வீடுகள், தேவாலயங்கள், கல்லறைகள் அடித்து நொறுக்கப்பட்டன. அதில் அரசின் கை இருந்தது என்பதைப் பின்னால் 1960-61இல் யாசியடா தீவில் நடந்த வழக்குகள் வெளியே கொண்டுவந்தன. ஒரு பக்கம் கிரேக்கப் புனிதர்களின் முகத்திலிருந்து சுண்ணாம்பைப் பக்குவமாகச் சுரண்டுகிறார்கள். இன்னொரு பக்கம் உயிரோடிருக்கும் கிரேக்கனை ஓடஓட விரட்டுகிறார்கள். துருக்கியில் இந்த ஜனங்களை 'ரூம்' என்பார்கள், ரோமானியர் என்று அர்த்தம். கிழக்கு ரோமப் பேரரசின் மிச்சம். 1923 மக்கள் பரிமாற்றத்தில் விலக்குப் பெற்று ஊரிலேயே தங்கியவர்கள். 1942இல் முஸ்லிம் அல்லாதவர்கள் தலையில் இறங்கிய சொத்து வரி, பிறகு 1955, பிறகு கிரேக்கக் குடியுரிமை உள்ளவர்களை வெளியேற்றிய 1964. லட்சம் பேர் அளவில் இருந்தவர்கள் இன்று சில ஆயிரம் பேர்தான். பிம்பத்தைக் காப்பாற்றுவதும் மனிதரைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

2019இல் நிர்வாக உயர் நீதிமன்றம் மியூசியம் முடிவை ரத்து செய்தது. 2020 ஆகஸ்டில் ஜனாதிபதி ஆணை வந்தது. 2024 மே 6இல் தொழுகைக்குத் திறந்தார்கள். நான் போனது அதற்குப் பிறகுதான். தொழுகைக் கூடத்தின் மேற்குச் சுவரில், வாசலுக்கு மேலே மரியாளின் மரணம். அவளுடைய உயிரைத் துணி சுற்றிய குழந்தையாக ஏசு கையில் ஏந்தியிருக்கிறார். கிப்லா தென்கிழக்கில் இருப்பதால், தொழுகிறவர்களுக்கு அந்தப் படம் முதுகுப் பக்கம். தொழுகிறவர்மேல் எனக்குப் புகார் எதுவும் கிடையாது. அவர் தன் கடவுளைக் கும்பிடுகிறார், அவ்வளவுதான்.

என் புகார் கணக்கு எழுதுகிறவர்கள்மேல். மியூசியமா மசூதியா, ஒன்றைச் சொல்லு என்று நம்மை நெருக்குகிறார்கள். 1945இல் அமைச்சரவை, 2020இல் ஜனாதிபதி: இரண்டு முறையும் மேலே இருந்து வந்த உத்தரவுதான். படத்துக்கு முன்னால் திரை போட்டதற்காக உலகமே குரல் கொடுக்கிறது, கொடுக்கட்டும். அதே குரல் 1955இல் உடைந்த கடைகளுக்கும் 1964இல் பெட்டியோடு கிளம்பிய குடும்பங்களுக்கும் ஏன் எழவில்லை? பாரம்பரியம் என்கிற சொல்லை இனி யார் உச்சரித்தாலும், அந்த ஜனங்கள் எங்கே என்று முதலில் கேட்போம்.