பள்ளி வாயிலும் பிள்ளைகளும்: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வரலாறு பெரும்பாலும் பாடசாலைகள் நிறுவப்பெற்ற ஆண்டுகளைக் கொண்டும், அவற்றை நிறுவிய பெரியார்களின் பெயர்களைக் கொண்டுமே எழுதப்பட்டு வருகின்றது. எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பது அதனால் தெரியவருகின்றது. அக்கட்டடங்களின் வாயிலைக் கடக்க இயலாது வெளியே நின்ற பிள்ளைகள் யாவர் என்பது தெரிவதில்லை. ஒவ்வொரு காலத்திலும் வெளியே நின்றோர் யார், அவர்களை உள்ளே அழைத்தது யாது என்னும் வினாக்களைக் கொண்டு கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாற்றை நோக்குதல் பயன் தருவதாகும்.

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலை அடுத்துத் தெற்கே நீளும் இவ்வூர்கள் 1961இல் அம்பாறை மாவட்டம் உருவாகும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. கிழக்கே கரைவலையும் மேற்கே வயலும் இவற்றின் வாழ்வு. மருதமுனைக்கோ தறியும் சேர்ந்தது. இத்தொழில்கள் யாவும் சிறு கைகளின் உதவியை வேண்டி நின்றவை. விதைப்புக் காலத்தில் பறவை விரட்டவும், அறுவடைக் காலத்தில் களத்தில் நிற்கவும், தறியருகே நூல் சுற்றவும் பிள்ளைகள் தேவைப்பட்டனர். வறுமையுற்ற குடும்பத்துக்குப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல் ஒரு நாட் கூலியை இழத்தலாகவே தோன்றியது.

ஆயினும் இவ்வூர்களிற் கல்வியே இருக்கவில்லை என்று கொள்வது பொருந்தாது. நவீன பாடசாலைகளுக்கு நெடுங்காலம் முன்னரே குர்ஆன் ஓதக் கற்பிக்கும் பள்ளிகள் இங்கே இயங்கின. போடியாரின் மகனும் முல்லைக்காரனின் மகனும் ஒரே பாயில் அமர்ந்து ஓதினர். சிறுமியரும் உடன் ஓதினர். அரபு எழுத்தை அறிந்தவர்கள் அதனைக் கொண்டே தமிழையும் எழுதிப் படித்தனர். தமிழ் எழுத்தறியாப் பெண்கள் பலர் அரபுத்தமிழ் நூல்களைப் படித்தமைக்கு இதுவே காரணமாகும். பாடத்தின் எல்லை குறுகியதாயினும், எல்லாப் பிள்ளைகளையும் ஏற்றல் என்ற அளவில் அப்பள்ளிகள் பின்வந்த ஆங்கிலப் பாடசாலைகளிலும் விரிந்த வாயில் உடையனவாயிருந்தன எனலாம்.

1814இல் மட்டக்களப்பை அடைந்த வெஸ்லியன் மிஷனரிமார் தொடக்கிய கல்விப் பணி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்முனையையும் எட்டிற்று. அறிவும் உத்தியோகமும் தரும் வாயில் அது. எனினும் மதமாற்ற அச்சம் முஸ்லிம் பெற்றோரைத் தடுத்தது. கட்டணம் எல்லாச் சமயத்து ஏழைகளையும் தடுத்தது. இவ்வச்சத்துக்கு மாற்றாகத் தம் சமயச் சூழலில் நவீன கல்வியை வழங்க வேண்டுமென எம். சி. சித்திலெவ்வை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ வாயிலாக வலியுறுத்தினார். 1892இல் கொழும்பில் தோன்றிய கல்விக்கூடம், பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. எனினும் தலைநகரில் எழுந்த அக்குரல் கிழக்குக் கரையின் குடிசைகளை எட்ட அரை நூற்றாண்டு சென்றது.

அதனை எட்டச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஏ. எம். ஏ. அஸீஸ். 1942இல் ஜப்பானிய விமானத் தாக்குதலை அடுத்து உணவு உற்பத்தியைப் பெருக்கும் பணிக்காக அவர் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகிய அவர், நெல் விளைவிக்க வந்த இடத்திற் கண்டது திறமையிருந்தும் பொருளின்றிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகளை. அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியால் உருவாயிற்று. அதன் அனுபவமே 1945இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக விரிந்தது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த காரைதீவிற் பிறந்து, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்த சுவாமி விபுலானந்தரோடு அவர் நட்புப் பூண்டிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஏழைப் பிள்ளையின் கல்வி ஒரு சமூகத்தின் தனிக்கவலையன்று என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கட்டணத் தடையை நீக்கிற்று. 1960இலும் 1961இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசின்கீழ்க் கொணர்ந்தன. முஸ்லிம் பாடசாலைகள் தனிப்பிரிவாக வளர்ச்சியுற்று, நோன்பு மாதத்துக்கு இயைந்த விடுமுறையையும் தமக்கேற்ற உடையையும் பெற்றன. பூப்பெய்திய பின் மகளை வீட்டிலிருத்திய பெற்றோர், பெண்களுக்கெனத் தனிப் பாடசாலைகள் எழுந்தபோது அவளைத் தொடர்ந்து படிக்க விட்டனர். பிள்ளையின் வாழ்முறைக்குப் பாடசாலை சற்றே இயைந்து கொடுத்ததால் விளைந்த மாற்றம் இது.

எனினும் இவ்வமைப்புக்கு ஒரு விலையும் உண்டு. சமூகத்துக்கொரு பாடசாலை என்றானபோது, ஒரே மொழி பேசி அடுத்தடுத்த ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரும் வாய்ப்பு அருகிற்று. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் மூண்ட இனமோதல்கள் அவ்விடைவெளியை அச்சத்தால் நிரப்பின. முஸ்லிம் மாணவர்கள் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கல்வியைத் தொடர இயலாத நிலையில் 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, அடுத்த ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒலுவிலில் எழுந்த அதன் கட்டடங்கள் கல்வி வளர்ச்சிக்கும் பிரிவின் துயருக்கும் ஒருங்கே சான்றாகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தபோது அந்தப் பிரிவை அது நோக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலரைத் தாயின் சகோதரியரும் பாட்டிமாருமே அரவணைத்தனர். மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் இப்பிரதேச வழக்கால் சகோதரியர் அருகருகே வாழ்ந்தமை இதற்குத் துணையாயிற்று. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமிச் சட்டம் இத்தகைய பிள்ளைகளின் பராமரிப்புக்கு விதி செய்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிடம் பொறுப்பளித்தது. உறவு அணைத்த பிள்ளைக்குச் சட்டமும் காவலாக வந்தது இங்ஙனமே.

இனி, வாயிலைக் கடந்த பின்னும் வெளியே நின்ற பிள்ளைகள் உளர். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி ஓதற்பள்ளியிலும் பாடசாலையிலும் பிரம்புக்கு நியாயம் கூறி வந்தது. பசியாலோ அச்சத்தாலோ இழப்பாலோ பிள்ளை அடங்காது நடந்தபோது, காரணம் வினவப்படாமல் தண்டனையே வழங்கப்பட்டது. அடிக்கு அஞ்சிய பிள்ளை படிப்பையே கைவிட்டது. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கல்விச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிற்று. 2021இல் உயர் நீதிமன்றமும் அதனை மாணவரின் அடிப்படை உரிமையை மீறுவதாகத் தீர்த்தது. சுற்றறிக்கை வகுப்பறையை அடைந்துவிட்டது. பழமொழி இன்னும் வெளியேறிவிடவில்லை.

விசேட தேவையுடைய பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. செவிப்புலன், விழிப்புலன் அற்றோர்க்கான முதற் பாடசாலை 1912இல் மேரி சப்மன் அம்மையாரால் கொழும்புக்கு அணித்தாக நிறுவப்பட்டது. கல்முனைத் தாய்க்கு அது 300 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்ட உலகம். 1960களின் இறுதியிலிருந்து சாதாரண பாடசாலைகளிலேயே இவர்களைச் சேர்க்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்ட போதிலும், பயிற்சி பெற்ற ஆசிரியரும் ஏற்ற வசதியும் இல்லாவிடத்துச் சேர்ப்பு என்பது இடாப்பில் எழுதிய பெயரளவில் நின்றுவிடும்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒவ்வொரு தடையும் நீங்கியபோது அதன் பின்னால் மறைந்திருந்த மற்றொரு பிள்ளை கண்ணுக்குத் தெரிந்தது. கட்டணம் நீங்கியதும் வீட்டிலிருந்த பெண்பிள்ளையும், அவளும் வந்த பின் வகுப்பின் மூலையில் அஞ்சி இருக்கும் பிள்ளையும், வீட்டை விட்டு வெளிவராத விசேட தேவையுடைய பிள்ளையும் புலப்பட்டனர். நெல்லைத் தேடி வந்த அஸீஸ் பிள்ளைகளைக் கண்டார். இன்று பல்கலைக்கழகத்தினின்று ஆசிரியராக அவ்வூர்களுக்குத் திரும்பும் தலைமுறை இடாப்பை விரிக்கும்போது, அதில் எழுதப்படாத பெயர்களையும் வினவுமாயின் அப்பணி தொடர்வதாகும்.