நாய்க் கொட்டிலில் தொடங்கிய கொரோனா ஆராய்ச்சி

1971இல் ஜெர்மனியில் இருந்த ராணுவக் காவல் நாய்களுக்குக் கழிச்சல் கண்டது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லியோனார்ட் பின்னும் அவருடைய குழுவினரும் அந்த நாய்களின் மலத்தை ஆராய்ந்து, ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அது சுற்றிலும் முளைகள் நீண்ட உருண்டையாகத் தெரிந்தது. கொரோனா வைரஸ் என்ற பெயரே 1968இல்தான் புழக்கத்துக்கு வந்திருந்தது. கோழிக்கும் பன்றிக்கும் மனிதருக்கும் வரும் என்று அறியப்பட்டிருந்த அந்தக் குடும்பத்தில் நாயின் வைரஸும் சேர்ந்தது. அதற்கு அவர்கள் வைத்த அடையாளம் 1-71.

அடுத்த கேள்வி, இந்த வைரஸ் குடலில் என்ன செய்கிறது என்பது. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, 1976இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுகுடலின் உட்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியைத்தான் வைரஸ் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் முதிர்ந்த செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவை உதிர்ந்ததும் உறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன. உறிஞ்ச ஆளில்லாத நீர் கழிச்சலாக வெளியேறுகிறது. ஆனால் புதுச் செல்கள் பிறக்கும் அடிப்பகுதிக்குச் சேதமில்லை. அங்கிருந்து செல்கள் மேலேறி வந்து இழப்பை நிரப்ப, பெரும்பாலான குட்டிகள் தேறிவிடும்.

தேறிவிடும் நோய்க்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? 1978இல் உலகெங்கும் நாய்கள் ரத்தக் கழிச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தபோது கொரோனாவின் மீதும் சந்தேகம் எழுந்தது. உண்மையான கொலையாளி பார்வோ என்ற புது வைரஸ் என்று தெரிந்ததும் கவனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. பார்வோ தாக்குவது குடலின் அந்த அடிப்பகுதியைத்தான். இரண்டு நோய்களுக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடுகிறது. நாய்க் கொரோனாவுக்குத் தடுப்பூசி வந்த பிறகும், உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கம் அதைப் பரிந்துரைக்கவில்லை.

இப்படி ஓரங்கட்டப்பட்டிருந்த துறைக்கு 2003இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி மறுபடி உயிர் கொடுத்தது. கைவிடப்பட்ட நாய்களைப் பராமரித்துப் புது வீடு தேடித் தரும் ஒரு பெரிய காப்பகத்தில் இருமல் ஓயவே இல்லை. வழக்கமான இருமல் கிருமிகளுக்குத் தடுப்பூசி போட்டும் பலனில்லை. கெர்ஸ்டின் எர்லெஸும் ஜோ பிரவுன்லியும் அடங்கிய குழு, அங்கு இறந்த நாய்களின் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் சோதித்து இன்னொரு கொரோனா வைரஸைக் கண்டுபிடித்தது. இது குடல் வைரஸின் நெருங்கிய உறவு அல்ல. மாட்டுக் கொரோனாவுக்கும், மனிதருக்குச் சளி பிடிக்க வைக்கும் ஓசி43 வைரஸுக்கும் நெருங்கிய சொந்தம். காப்பகத்துக்குள் வரும்போது சுமார் 30 சதவீத நாய்களின் ரத்தத்தில் மட்டுமே இதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. மூன்று வாரத்தில் அநேகமாக எல்லா நாய்களிடமும் அது வந்துவிட்டது.

2005இல் இத்தாலியின் பாரி நகரில் ஒரு கடையில் இருந்த நாய்க்குட்டிகள் இறந்தன. அவற்றில் குடல் வைரஸின் ஒரு வகை, குடலைத் தாண்டி நுரையீரல், கல்லீரல், மூளை என்று பரவியிருந்தது. சாதாரணக் கழிச்சல் என்று இந்த வைரஸை இனிமேலும் ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

2020 பிப்ரவரியில் ஹாங்காங்கில் 17 வயது பொமரேனியன் ஒன்றின் மூக்குச் சளியில் கோவிட் வைரஸின் தடயம் கிடைத்தபோது, உலகமே நாய்களைப் பயத்தோடு பார்த்தது. தொற்று உறுதியானவர்களின் வீடுகளிலிருந்து வந்த 15 நாய்களில் இரண்டுக்குத்தான் தொற்று இருந்தது. பொமரேனியனைத் தவிர மற்றொன்று இரண்டரை வயது ஜெர்மன் ஷெப்பர்ட். இரண்டிலும் கிடைத்த வைரஸின் மரபணு, அந்தந்த வீட்டு மனிதர்களிடம் இருந்ததோடு ஒத்துப்போனது. அதாவது, மனிதரிடமிருந்துதான் நாய்க்குப் போயிருக்கிறது. இந்த முடிவுகள் நேச்சர் இதழில் வந்தன. ஆய்வாளர்களில் ஒருவர் மாலிக் பீரிஸ். இலங்கையில் பிறந்து பேராதனையில் மருத்துவம் படித்தவர். 2003இல் சார்ஸ் வைரஸை அடையாளம் கண்ட ஹாங்காங் குழுவை வழிநடத்தியவர். ஹாங்காங் நாய்களின் செய்தி வந்தபோது, குடல் கொரோனாவுக்கான நாய்த் தடுப்பூசி கோவிடைத் தடுக்கும் என்று நம்பியவர்களும் உண்டு. அது வேறு கிளை, பயன்படாது என்று கால்நடை மருத்துவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்த் திசையிலும் வைரஸ் பயணப்படலாம் என்ற செய்தி 2021 மே மாதம் வந்தது. மலேசியாவின் சரவாக்கில் 2017, 2018 ஆண்டுகளில் நிமோனியாவுக்கு மருத்துவமனையில் சேர்ந்த 301 பேரின் மாதிரிகளில், எட்டுப் பேரிடம் நாய்க் கொரோனாவைச் சேர்ந்த வைரஸ் இருந்தது. பெரும்பாலோர் குழந்தைகள். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அனஸ்தாசியா விளாசோவா அவற்றில் ஒரு மாதிரியிலிருந்து வைரஸை வளர்த்தெடுத்தார். அதற்கு அவர் பயன்படுத்தியவை ஏ-72 என்ற நாய்ச் செல்கள். ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாயின் கட்டியிலிருந்து எடுத்து அவற்றை உருவாக்கி, 1980இல் உலகுக்கு அறிவித்தவர் அதே லியோனார்ட் பின். கால்நடை வைரஸ்களுக்காக நாற்பது ஆண்டுகள் பேணி வைத்திருந்த அந்தச் செல்கள், மனித நோயாளி ஒருவரின் வைரஸைக் காட்டிக்கொடுத்தன. நாய், பூனை ஆகிய இரண்டின் கொரோனா மரபணுக்களும் அதில் கலந்திருந்தன.

சில மாதங்களில் ஃபுளோரிடாவிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 2017இல் ஹைத்திக்குப் போய்வந்து காய்ச்சல் கண்ட மருத்துவக் குழு உறுப்பினர் ஒருவரின் சிறுநீரில் கிடைத்த வைரஸ், சரவாக் வைரஸோடு 99.4 சதவீதம் ஒத்திருந்தது. இடையே இருப்பது பாதி உலகம். மனிதரிடமிருந்து மனிதருக்கு அது தொற்றியதாக இரு ஆய்வுகளும் காட்டவில்லை.