பிள்ளைகள் பார்த்துப் பழகும் ஆசிரியர்

பார்வையற்ற பிள்ளைகளின் கல்வி வரலாற்றில் நம் பூந்தமல்லிக்குத் தனி இடம் உண்டு. அவர்களுக்கான அரசினர் பள்ளி நெடுங்காலமாக இங்கே இயங்கி வருகிறது. 1988-இல், டேராடூன் தேசியப் பார்வையற்றோர் நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கே தோன்றி, அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கலாயிற்று.

இப்பணிக்கு முன்னோடி பார்வையற்ற ஓர் ஆசிரியரே. பாரிஸில் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரான லூயி பிரெய்ல் (1809–1852), ஆறு புள்ளிகளால் எழுத்தை விரல்நுனிக்குக் கொண்டுவந்தார்.

இன்று, 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்பிள்ளைகள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் கற்கலாம். கரும்பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டுச் சொன்னால், பார்வையற்ற மாணவனும் பாடத்தைப் பின்தொடர்வான். அதைக் கண்டு, பக்கத்துப் பையனும் அவனுக்கு வாசித்துக் காட்டப் பழகுவான்.

பங்கு மக்களே, நம் வீடுகளில் இத்தகைய பிள்ளை இருந்தால், மறைத்து வைக்காமல் பள்ளிக்கு அனுப்புவோம்.