திருக்கோணமலை வானில் வந்த செய்திகள்

தமிழில் விமானம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கோயிற் கருவறையின்மீது உயர்ந்து நிற்கும் கட்டடம் விமானம். ஆகாயத்திற் பறக்கும் ஊர்தியும் விமானம். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஊர் திருக்கோணமலை. கடலின்மேற் செங்குத்தாக நிற்கும் கோணமாமலையின் பாறைப் பிளவொன்றை மக்கள் இராவணன் வெட்டு என வழங்குகின்றனர். புட்பக விமானம் ஏறி வானிற் சென்றான் என இதிகாசம் புகலும் இலங்கை வேந்தனின் பெயர் அது. அதே பாறைமீது நின்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்துத் தள்ளினர். அதன் கற்களிற் பல கோட்டைச் சுவராயின; பல கடலில் வீழ்ந்தன. ஆகாயத்தை எண்ணிய மரபும் கடலில் வீழ்ந்த விமானமும் ஆகிய இரண்டையும் உடைய இவ்வூர், இருபதாம் நூற்றாண்டில் வேறொரு வகை விமானத்தைச் சந்திக்க நேர்ந்தது.

பறக்கும் பொறியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் உயரத்தையும் தூரத்தையுமே கணக்கிடுவர். திருக்கோணமலையின் அனுபவம் மற்றோர் அளவுகோலைக் காட்டுகிறது. வானிலிருந்து வரும் ஆபத்துக்கோ, வானிலிருந்து காணத்தக்க ஆபத்துக்கோ முன்னதாகச் செய்தி வந்து சேர்ந்ததா என்பதே அந்த அளவுகோல். பொறியின் பெருமை அதன் இறக்கையில் மட்டும் இல்லை. அது கொணரும் சொல்லிலும் இருக்கிறது.

திருக்கோணமலைத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமும் காவலும் அமைந்தது. பாய்க்கப்பற் காலத்தில் அதனைக் கைப்பற்றப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் ஆகியோர் போட்டியிட்டனர். நீராவிக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் வந்தபின் அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது. பிரித்தானியர் உட்துறைமுகத்தின் மேற்குப் பக்கத்தில், சீனன்குடாவை அடுத்த காட்டில், பெரும் எண்ணெய்க் குதங்களை அமைத்தனர். அவற்றுள் 99 குதங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றின் அருகே விமானத்தளமும் எழுந்தது. துறைமுகத்தைக் காக்கக் கடற்கோட்டைகள் போதா என்பதனையும், இனி ஆகாயத்திலும் காவல் வேண்டும் என்பதனையும் அத்தளமே உணர்த்திற்று.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்தக் காவலுக்குச் சோதனை வந்தது. யப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோ, ஐந்து பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்து சமுத்திரத்தில் நுழைந்தார். ஏப்ரல் 4ஆம் நாள், இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா என்னும் கடல்விமானம் அக்கப்பற் கூட்டத்தைக் கண்டுகொண்டது. அதனை ஓட்டியவர் கனடா நாட்டவரான லியனார்ட் பேர்ச்சல். கட்டலினா நெடுந்தூரம் பறக்க வல்லது. ஆனால் விரைவு குறைந்தது. எதிரியின் போர்விமானங்களிடமிருந்து அது தப்புவது அரிது. தப்பியோட முயல்வதைக் காட்டிலும் கண்டதைச் சொல்வதே முதற்கடன் என அதனுள் இருந்தோர் கொண்டனர். வானொலியிற் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர்கள் சிறைப்பட்டனர். யுத்தம் முடியும்வரை பேர்ச்சல் சிறையிலேயே இருந்தார். இலங்கையின் காவலர் என்னும் பெயர் பின்னர் அவருக்கு நிலைத்தது.

அச்செய்தியினாற் கொழும்பு விழித்துக்கொண்டது. துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல கடலுக்கு அனுப்பப்பட்டன. ஆயினும் மறுநாட்காலை, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் நெருங்கிவிட்டதை ராடார் நிலையம் உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை. இரத்மலானையிலிருந்த போர்விமானங்கள் எதிரி தலைக்குமேல் வந்த பின்னரே எழ நேர்ந்தது. முதல்நாள் கிடைத்த செய்தி பயன் தந்தது; மறுநாள் கிடைக்காத செய்தி உயிர்களைக் கொண்டது.

ஏப்ரல் 9ஆம் நாள் திருக்கோணமலையின் முறை வந்தது. முன்னிரவே கப்பல்களிற் பல துறைமுகத்தை விட்டு வெளியேறிவிட்டன. காலை ஏழு மணிக்குச் சற்றுப்பின், நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வருவதைச் சுமார் 90 மைலுக்கு அப்பாலேயே இங்குள்ள ராடார் கண்டது. ராடாரின் செயல் எளிதில் விளங்கத்தக்கது. மலையை நோக்கிக் கூவினாற் குரல் திரும்பி வருவதுபோல, அனுப்பிய வானொலி அலை எதிர்ப்பட்ட பொருளில் மோதித் திரும்புகிறது. திரும்ப எடுத்த காலத்தைக் கொண்டு தூரத்தை அறியலாம். அந்த எதிரொலி தந்த சில நிமிடங்களிற் சீனன்குடாவின் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்தன. எண்ணிக்கையில் மிகுந்த எதிரியை அவை தடுத்து நிறுத்த இயலவில்லை. அவற்றிற் பல வீழ்ந்தன. கடற்படைத் தளமும் விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதத்தில் மோதியது என்றும், குதம் ஏழு நாள் எரிந்தது என்றும் வட்டாரத்தார் இன்றும் கூறுவர். எனினும் தூங்கும் பறவைக் கூட்டில் வேடன் கைவைத்த நிலை இங்கு ஏற்படவில்லை. துறைமுகத்தில் எரிந்து கைவிடப்பட்ட சகாயிங் என்னும் வணிகக் கப்பலை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2018இல் இலங்கைக் கடற்படையினர் நீரிலிருந்து மேலே கொணர்ந்தனர்.

அதே நாளிற் கடலில் நிகழ்ந்தது அதனிலும் துயரமானது. திருக்கோணமலையை விட்டுத் தெற்கே சென்ற ஹேர்மிஸ் என்னும் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் எதிரியின் கண்ணிற் பட்டது. விமானங்களைத் தாங்குவதற்கென்றே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. அதற்குரிய விமானங்கள் சீனன்குடாவிற் கரையேற்றப்பட்டிருந்தன. உதவிக்கு அனுப்பப்பட்ட விமானங்கள் வந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடா என்னும் மருத்துவக் கப்பல் எஞ்சியோரை மீட்டது. பொறியும் இருந்தது, வீரரும் இருந்தனர். இரண்டையும் வேளையிற் சேர்க்கும் இணைப்புத்தான் அன்று அறுந்திருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. தாக்குதலுக்கு உள்ளான தளம் தாக்குதல் தொடுக்கும் தளமாயிற்று. சுமத்திராவிலுள்ள பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து யப்பானுக்கு விமான எரிபொருள் சென்றுகொண்டிருந்தது. அவற்றைத் தாக்குவதற்காகச் சீனன்குடாவின் ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது. 1944 ஓகஸ்ட் 10ஆம் நாள், நான்கு எந்திரங்கள் பூண்ட பி-29 என்னும் அமெரிக்க விமானங்கள் 54 இங்கிருந்து எழுந்தன. போய்வரும் தூரம் சுமார் 3,900 மைல். அக்காலத்தில் அது மலைக்கத்தக்க தூரம். ஆனால் ஆலைக்கு நேர்ந்த சேதம் சிறிது. அத்தகைய விமானங்கள் தாக்குதலுக்காக இத்தளத்தை மறுபடியும் பயன்படுத்தவில்லை. அத்தனை உழைப்பினால் நீட்டப்பட்ட பாதை ஓர் இரவுக்கே உரியதாயிற்று. தூரத்தை வென்றுவிட்டதனாலேயே பயன் விளைந்துவிடாது என்பதற்கு இதனைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே யுத்தகாலத்தில் இங்கிலாந்தில் ராடார்த் துறையிற் பணியாற்றிய இளைஞர் ஒருவர் வேறு வகையாகச் சிந்தித்தார். மூடுபனியில் வழிதெரியாது வரும் விமானியை, ராடாரிற் கண்டு, வானொலிக் குரலினாலேயே வழிகாட்டித் தரையிறக்கும் முறையில் அவர் ஈடுபட்டிருந்தார். அவர்தான் ஆதர் சி. கிளாக். ஜேர்மனியர் 1944இல் இலண்டன்மீது ஏவிய வி-2 ஏவுகணையைப் பிறர் அழிவின் கருவியாகக் கண்டனர். வான்பயண ஆர்வலரான கிளாக், அத்தகைய ஏவுகணை மேலும் வளர்ந்தால் விண்வெளியில் ஒரு நிலையத்தை நிறுத்தலாம் எனக் கண்டார். 1945 ஒக்டோபரில் வெளியான கட்டுரையொன்றில் அதனை விளக்கினார். பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தான் சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆதலால் தரையிலிருந்து நோக்குவோர்க்கு அது வானில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அவ்வாறு மூன்று நிலையங்கள் இருப்பின் உலகெங்கும் குரலை அஞ்சல் செய்யலாம். அந்நிலையங்களில் மனிதர் தங்கிப் பணிபுரிய வேண்டியிருக்கும் என அவர் எண்ணினார். அது மட்டும் அவர் எண்ணியபடி அமையவில்லை. மனிதர் எவரும் இல்லாமலேயே அவை பணிசெய்யலாயின.

கிளாக் 1956இல் இலங்கைக்கு வந்தார். அவரை இழுத்தது ஆகாயமன்று, கடல். நீருக்கடியில் மூழ்குவோன் தன் எடையை இழந்து மிதக்கிறான். விண்வெளிப் பயணத்தின் அனுபவத்துக்குப் பூமியில் மிக அண்மையானது அதுவே என்பது அவர் கருத்து. அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோணமாமலையின் அடியிற் கடலில் மூழ்கினர். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே கிடந்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956இற் கண்டனர். விண்ணை எண்ணிய மனிதர் ஒருவர், கடலடியில் வீழ்ந்துகிடந்த விமானத்தின் கற்களைக் கண்டெடுக்க உதவியதை இவ்வூர் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1957 ஒக்டோபர் 4ஆம் நாள், சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கிற்று. அதே ஒக்டோபர் மாதத்திலேயே திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் இலங்கையிடம் ஒப்படைத்தனர். துறைமுகத்தைப் பிடித்திருப்பவனே சமுத்திரத்தை ஆள்வான் என்ற காலம் கழிந்துகொண்டிருந்தது. 1964இல் அமெரிக்கர் ஏவிய சின்கொம் 3, கிளாக் குறித்த உயரத்தில் நின்று, டோக்கியோ ஒலிம்பிக் விழாவைக் கடல்கடந்து காட்டிற்று. 1975இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கியபோது, அதனைப் பெறும் கருவியொன்றை இந்திய விண்வெளிப் பொறியியலாளர் கொழும்பில் கிளாக்கின் இல்லத்தில் அமைத்துக் கொடுத்தனர்.

இத்தனை வளர்ச்சிக்கும் பின் 2004 டிசம்பர் 26 வந்தது. சுமத்திராவை அடுத்த கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தின் அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடையச் சுமார் இரண்டு மணி நேரம் ஆயிற்று. 1942இல் ராடார் தந்தவை சில நிமிடங்களே. இம்முறை இரண்டு மணி நேரம் இருந்தது. வானிற் செய்மதிகள் நிறைந்திருந்தன. அவற்றுள் ஜேசன் 1 என்னும் செய்மதி இந்து சமுத்திரத்தின்மேற் செல்லும்போது அந்த அலையின் உயரத்தை அளந்தும்விட்டது. ஆனால் அந்த அளவு ஆராயப்பட்டு வெளிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திருக்கோணமலைக் கரையிற் கடல் வழக்கத்துக்கு மாறாக நடந்தபோது, ஓடுங்கள் என்று சொல்ல ஒரு குரல் இல்லை. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. வானம் கண்டது, தரை அறியவில்லை.

அதன் பின்னரே இந்து சமுத்திர நாடுகள் ஒன்றுகூடி எச்சரிக்கை அமைப்பொன்றை நிறுவின. ஆழ்கடலின் அடியிலுள்ள கருவி நீரின் அழுத்தத்தை அளக்கிறது. மேலே மிதக்கும் மிதவை அதனைச் செய்மதிக்கு அனுப்புகிறது. செய்மதி அதனைத் தரை நிலையத்துக்கு இறக்குகிறது. ஐதராபாத்தில் 2007இல் தொடங்கிய நிலையம் அத்தகைய செய்திகளை ஆராய்ந்து அண்டை நாடுகளுக்கும் அறிவிக்கிறது. 1945இல் கிளாக் தாளில் வரைந்த அஞ்சல் நிலையம், இன்று அலைக்கும் கரைக்கும் இடையே ஆள்விட்டுச் சொல்லும் தூதனாக நிற்கிறது.

துறைமுக வட்டாரத்து லிங்கநகரில் வாழ்வோர்க்கு விமானம் புதுமையன்று. சீனன்குடாத் தளம் இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகமாக விளங்குகிறது. ஆகாயத்தில் ஓசை கேட்டு அண்ணாந்து நோக்கும் சிறுவருக்கு அப்பொறியின் வேகம் வியப்பளிப்பது இயல்பே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், ஓசையின்றி நிற்கும் மற்றொரு பொறியும் உண்டு. அது காணும் ஆபத்து அவர்களுடைய தெருவுக்கு உரிய வேளையில் வந்து சேரவேண்டுமாயின், கடைசி ஒரு மைல் தூரத்தை மனிதரே கடக்கவேண்டும். வானொலி அறிவிப்பு, கோயில் மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, அயலவரின் கதவைத் தட்டும் கை ஆகியவையே அந்த ஒரு மைலைக் கடப்பன. 1942இல் தன் விமானம் வீழும் வேளையிலும் கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் செய்த பணி அதுவே. விண்வெளி வரை வளர்ந்துவிட்ட விஞ்ஞானம் இக்கரையில் வாழ்வோரிடம் இன்னும் எதிர்பார்ப்பதும் அதுவே.